பாட்டிலா, உரக்கடை உப்பா, வேர் மாத்திரையா: மீன் தொட்டிச் செடிக்கு எதை வாங்கலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். புதுச்சேரி, கடலூர் பக்கம் போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றி மீன் தொட்டியில் செடி வளர்க்கிறவர்களுக்குக் கால்சியம் தனியாக வாங்கும் தேவை அநேகமாக வராது. குறைவது பொட்டாசியமும் இரும்பும்தான், மீன் கம்மியாக இருந்தால் நைட்ரேட்டும். ஒரே ஒரு சின்னத் தொட்டி என்றால் ரெடிமேட் திரவ உரப் பாட்டில் போதும். இரண்டு மூன்று அடித் தொட்டி, அல்லது ஒன்றுக்கு மேல் தொட்டி இருக்கிறது என்றால் உரக்கடை உப்புக்குத்தான், அதாவது தண்ணீரில் கரையும் பயிர் உரத்துக்குத்தான், என் ஓட்டு. அமேசான் ஸ்வோர்ட், கிரிப்டோகோரைன் மாதிரி வேரால் சாப்பிடுகிற செடிகள் இருந்தால் கூடவே வேரடியில் புதைக்கிற வேர் மாத்திரையும் வேண்டும். தாது நீக்கிய கேன் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறவர்களுக்கு இதில் எதுவுமே முதல் வேலை இல்லை, அவர்கள் தண்ணீரைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இதை எழுத வைத்தது லாஸ்பேட்டையில் கல்லூரிக்குப் போகும் ஒரு தம்பி. "அண்ணா, கடையில நாலு பாட்டில் எடுத்து வச்சிட்டாங்க, எதை வாங்கட்டும்?" என்று படம் பிடித்து அனுப்பியிருந்தான். பாட்டிலைப் பற்றி ஒன்றும் பேசாமல், "என்ன தண்ணி ஊத்துற தம்பி?" என்று கேட்டேன். "கேன் தண்ணிதாண்ணா. போர் தண்ணி ஊத்தினா மீன் செத்துடும்னு சொன்னாங்க." தொட்டியின் படத்தையும் அனுப்பச் சொல்லிப் பார்த்தால், நத்தைகளின் ஓடு உச்சியில் வெள்ளை வெள்ளையாக அரித்துக் கிடக்கிறது, ரோட்டாலாவின் நுனி இலைகள் கொக்கி மாதிரி சுருண்டு நிற்கின்றன. அந்த நாலு பாட்டிலில் எதை ஊற்றியிருந்தாலும் அது சரியாகியிருக்காது. அங்கே இல்லாதது கால்சியமும் மெக்னீசியமும், அந்தப் பாட்டில்களில் அவை பேருக்குத்தான் இருக்கும்.

ஆகவே உரத்தை ஒப்பிடுவதற்கு முன்னால் தண்ணீர். நம் பக்கத்தில் தொட்டிக்குள் போகிற தண்ணீர் பெரும்பாலும் மூன்று வகைதான். கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற வீடுகளின் போர் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கடினமானவை, கெட்டில் அடியிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிவு விடுகிறவை. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் சில போர்களில் கடல்நீர் கலந்து உப்புக் கரிக்கும். மூன்றாவது ஆர்ஓ, கேனில் வாங்கினாலும் வீட்டு மெஷினில் பிடித்தாலும் ஒன்றுதான். முதல் இரண்டையும் டிடிஎஸ் மீட்டரை, அதாவது கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டுகிற கருவியை, வைத்துப் பிரிக்கப் பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். மீட்டர் 700 என்று காட்டினால் அந்த 700 கால்சியமும் மெக்னீசியமுமாக இருக்கலாம், வெறும் சோடியம் குளோரைடாகவும் இருக்கலாம், மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முதல் தண்ணீரில் செடி கொழிக்கும். இரண்டாவதில் வாலிஸ்நேரியாவும் ஜாவா ஃபெர்னும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ரோட்டாலா மாதிரி மெல்லிசுச் செடிகள் கருகிப் போகும், எந்த உரமும் அதைக் காப்பாற்றாது. வீட்டில் சாஃப்ட்னர் மாட்டியிருந்தால் அந்தத் தண்ணீரையும் ஒதுக்குங்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைப் போடுகிற கருவி.

கடினத்தன்மை பார்க்கிற சொட்டு மருந்து கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். 5 மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும், நிறம் மாறுகிற வரைக்கும் எத்தனை சொட்டு விழுந்ததோ அத்தனை டிகிரி கடினத்தன்மை, பெரும்பாலான கிட்டில் கணக்கு அவ்வளவுதான். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 10500 சொல்கிற ஏற்கத்தக்க அளவு 200 மில்லிகிராம், அதாவது சுமார் 11 டிகிரி. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை விடலாம் என்கிறது. நாம் வளர்க்கிற சாதாரணச் செடிகளுக்கு 4 முதல் 15 டிகிரி வரை எங்கிருந்தாலும் சரி. உங்கள் குழாயில் 12 சொட்டு விழுந்தது என்றால் சந்தோஷப்படுங்கள், கால்சியத்துக்கான காசு மிச்சம்.

அடுத்து இலை. செடியே சொல்லிவிடும், ஆனால் எந்த இலை சொல்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சில சத்துகளைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்பும், சிலவற்றை அப்படி நகர்த்த அதற்கு முடியாது. பொட்டாசியம், நைட்ரஜன், மெக்னீசியம் மூன்றும் நகரும், குறை தெரிவது கீழே பழைய இலையில். இரும்பும் கால்சியமும் நகராது, குறை தெரிவது நுனியில். என் ஹைக்ரோஃபிலாவில் பொட்டாசியக் குறையை நான் கண்டுபிடித்தது ஒரு ராத்திரி. தொட்டி விளக்கை அணைத்துவிட்டுச் செல்போன் டார்ச்சைப் பின்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, கீழ் இலைகளில் குண்டூசி குத்திய மாதிரி ஒளி புள்ளி புள்ளியாக வந்தது, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு வளையம். பகலில் பார்த்தால் நத்தை தின்றது என்று நினைத்துக்கொள்வோம். நத்தை தின்ற ஓட்டைக்கு அந்த மஞ்சள் வளையம் இருக்காது. பழைய இலை மொத்தமாக வெளுத்து மஞ்சளானால் நைட்ரஜன். பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம், அதே கோலம் புது இலையில் இருந்தால் இரும்பு. நுனி சுருண்டு கோணினால் கால்சியம், அந்தத் தம்பியின் ரோட்டாலா மாதிரி. ஓட்டை விழுந்த இலை எந்த உரம் போட்டாலும் திரும்ப மூடாது, அதை வெட்டிவிட்டு அடுத்து வருகிற இலையைப் பாருங்கள்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். நல்ல விஷயம், எடுத்து ஊற்றினால் முடிந்தது, அளவு லேபிளிலேயே இருக்கிறது, வீட்டில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். ஒன்றரை அடித் தொட்டியில் 30 லிட்டர் தண்ணீர் வைத்திருக்கிறவர் தராசு வாங்கி உப்பு நிறுத்துக்கொண்டிருக்க அவசியமே இல்லை, ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும். ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் உள்ளே இருப்பது வேறு. டிராபிகா கம்பெனியிலேயே இரண்டு இருக்கிறது: பிரீமியம் என்பதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடையாது, ஸ்பெஷலைஸ்டு என்பதில் உண்டு. முதலாவது மீன் நிறைய உள்ள தொட்டிக்கு. மீன் தீவனத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாகக் கிடைத்துவிடும், பொட்டாசியமும் இரும்பும்தான் அப்படிக் கிடைக்காது. இரண்டாவது செடி அடர்த்தியாகவும் மீன் குறைவாகவும் உள்ள தொட்டிக்கு. எட்டு கோல்டுஃபிஷ் வைத்துக்கொண்டு ஸ்பெஷலைஸ்டு வாங்குவதும், பத்து நியான் டெட்ராவோடு காடு மாதிரிச் செடி வைத்துக்கொண்டு பிரீமியம் வாங்குவதும் காசுக்கும் கேடு, செடிக்கும் கேடு. லேபிளைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், என்னென்ன எத்தனை சதவீதம் என்று போடாத பாட்டிலை வாங்கவே வேண்டாம். அப்புறம், "திரவ கார்பன்" என்று ஒன்று அதே அலமாரியில் இருக்கும். அது தாது உரமே இல்லை, குளுட்டரால்டிஹைடு வகை ரசாயனம், வாலிஸ்நேரியா உள்ள தொட்டியில் ஊற்றினால் இலை கரைந்து போவது உண்டு.

பாட்டிலின் குறை விலைதான். உள்ளே பெரும்பகுதி தண்ணீர், அந்தத் தண்ணீருக்கும் லாரி வாடகைக்கும் நாம் காசு கொடுக்கிறோம். மூன்று அடித் தொட்டிக்கு ஒரு வருஷம் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

உரக்கடை உப்பு என்று நான் சொல்வது சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கிற, தண்ணீரில் முழுசாகக் கரையும் உரங்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர் என்று பயிர் இருக்கிற ஊரில் எல்லாம் உரக்கடை இருக்கும், அங்கே போய் வேதியியல் பெயர் சொல்ல வேண்டாம், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்ற வரிசையில் பாக்கெட்டில் போட்டிருக்கிற எண்ணைச் சொன்னால் போதும். 13:0:45 என்றால் பொட்டாசியம் நைட்ரேட். 0:52:34 என்றால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0:0:50 என்றால் பொட்டாசியம் சல்பேட். கூட மெக்னீசியம் சல்பேட், அதாவது எப்சம் உப்பு. நான் முதல்முறை போனபோது கடைக்காரர் "என்ன பயிருங்க?" என்று கேட்டார். மீன் தொட்டிச் செடி என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப யூரியா கலந்தது எதுவும் எடுக்காதீங்க, மீனுக்கு ஆகாது" என்று அவரே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அதற்கு ஒரு வருஷம் முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் அதற்கு முந்தைய வருஷம் வேறொரு கடையில் "எல்லாச் சத்தும் இருக்கு" என்று 19:19:19 கொடுத்தார்கள், நானும் வாங்கி வந்து ஒரு டீஸ்பூன் போட்டேன். மறுநாள் விடிகாலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன, பத்து மணிக்குள் ஆறு போய்விட்டது. மிச்சமிருந்தவற்றை வாளியில் மாற்றிப் போட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீரை மூன்று தடவை மாற்றினேன். என்ன நடந்தது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 19:19:19-இல் உள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா, மீதி அம்மோனியமும் நைட்ரேட்டும். 5 கிராம் போட்டால் 100 லிட்டரில் அம்மோனியம் நைட்ரஜன் மட்டுமே லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டும், யூரியா உடைந்து வருவது அதற்கு மேல். அம்மோனியம் அமிலத் தண்ணீரில் அவ்வளவாகக் கொல்லாது, பிஹெச், அதாவது தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டுகிற எண், ஏற ஏறத்தான் அது விஷ அம்மோனியாவாக மாறும். தண்ணீர் 30 டிகிரி சூட்டில் பிஹெச் 7 ஆக இருந்தால் 100-இல் ஒரு பங்குகூட அப்படி மாறாது, பிஹெச் 8 என்றால் 7 பங்குக்கு மேல் மாறும். நம் ஊர் போர் தண்ணீரின் காரத்தையும் மே மாத வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே 19:19:19, 12:61:0, யூரியா, டிஏபி எதுவும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. மாடித்தோட்டம் வைத்திருக்கிறவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதே என்று பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மண்ணில் அவை நல்ல உரம், மூடிய தண்ணீரில் அழுகி அதே அம்மோனியாவாகத்தான் முடியும்.

என் தொட்டி மூன்று அடி நீளம், 15 அங்குல அகலம், அதே உயரம். கணக்குப்படி 130 லிட்டர், மணலும் கல்லும் மேலே விட்ட இடமும் போக உண்மையான தண்ணீர் 100 லிட்டர்தான். அந்த 100-ஐ வைத்தே அளவு சொல்கிறேன், உங்கள் தொட்டிக்குக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரை வெதுவெதுப்பாக்கி 13:0:45 40 கிராம், 0:0:50 20 கிராம், 0:52:34 4 கிராம் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்கிறேன். இதற்கு மட்டும் போர் தண்ணீர் வேண்டாம், பாஸ்பேட் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும். பொட்டாசியம் சல்பேட் சீக்கிரம் கரையாது, பொறுமையாகக் கலக்க வேண்டும். இதிலிருந்து ஒரு தடவைக்கு 10 மில்லி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து ஊற்றினால் லிட்டருக்கு நைட்ரேட் 5 மில்லிகிராம், பொட்டாசியம் 5, பாஸ்பேட் அரை மில்லிகிராம் கூடும். வாரம் மூன்று தடவை ஊற்றினால் நைட்ரேட் 15, பொட்டாசியம் 15, பாஸ்பேட் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல் நடுத்தர விளக்கு போட்டிருக்கிற தொட்டிக்கு இதில் மூன்றில் ஒரு பங்கே தாராளம், அதாவது வாரம் ஒரே தடவை.

டாம் பார் என்ற அமெரிக்கர் பரப்பிய ஒரு முறை இருக்கிறது. சோதனைக் கிட் எல்லாம் வேண்டாம், எந்தச் சத்தும் குறையாத அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே போடு, வாரத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிவிட்டால் சேர்ந்தது கழிந்துவிடும் என்பார். நைட்ரேட்டை 20, 30 என்று வைப்பார்கள். கார்பன் டை ஆக்சைடும் பளீரென்ற விளக்கும் உள்ள தொட்டிக்கு அது அருமையான முறை. ஆனால் கோடையில் வாரா வாரம் 50 லிட்டர் தண்ணீரைக் கீழே கொட்ட எனக்கு மனசு வராது. நான் குறைவாகப் போட்டு 30 லிட்டர் மாற்றுகிறேன், மாற்றிய தண்ணீர் மாடியில் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் போகிறது.

விலை வித்தியாசம் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. என் அளவுப்படி வாரம் மூன்று தடவை ஊற்றினாலும் பொட்டாசியம் நைட்ரேட் 2.4 கிராம்தான் செலவாகும். ஒரு கிலோ பாக்கெட் 8 வருஷம் வரும். நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மீன் நிறைய இருந்தால் 13:0:45-உம் 0:52:34-உம் வேண்டவே வேண்டாம், 0:0:50 மட்டும் வாரம் ஒரு கிராம் போடுங்கள், 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்குப் பொட்டாசியம் 4 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் ஏறும். மெக்னீசியம் குறைந்த மாதிரித் தெரிந்தால், கடினமான தண்ணீரிலும் சில சமயம் அப்படி வரும், எப்சம் உப்பு ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் என்று கணக்கு வைத்து வாரம் 3, 4 கிராம் போட்டுப் பார்க்கலாம். இதற்கெல்லாம் நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரிக் கையடக்கத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். டீஸ்பூன் கணக்கில் போடுவதாக இருந்தால் தயவுசெய்து பாட்டிலே வாங்கிவிடுங்கள்.

இரும்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், நம் ஊர்த் தண்ணீரில் பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். இரும்பை அப்படியே தண்ணீரில் போட்டால் உடனே துருவாகிக் கீழே படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. அதனால் அதை வேறொரு மூலக்கூறு பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி செய்து விற்கிறார்கள், கீலேட் என்பார்கள். எந்தக் கீலேட் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலிவானது இடிடிஏ, அது பிஹெச் ஆறரை வரைக்கும்தான் இரும்பை நன்றாகப் பிடித்திருக்கும், பிஹெச் 8 உள்ள தொட்டியில் சீக்கிரமே கைவிட்டுவிடும். டிடிபிஏ ஏழரை வரைக்கும் தாங்கும். இடிடிஹெச்ஏ 9-ஐத் தாண்டியும் விடாது, ஆனால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கிவிடும், ரோஸ்மில்க்கில் தண்ணீர் கலந்த மாதிரி. நான் டிடிபிஏ போடுகிறேன், 11 சதவீத இரும்பு உள்ளது, அரை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மற்ற உப்பு போடாத நாட்களில் 10 மில்லி. ஒரு தடவைக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இரும்பு. ஒரே நாளில் நிறையப் போடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக வாரம் மூன்று தடவை போடுவது காரத் தண்ணீரில் நன்றாக வேலை செய்கிறது, கீலேட் கைவிடுவதற்குள் செடி எடுத்துக்கொள்கிறது. இரும்புக் கரைசலையும் பாஸ்பேட் கரைசலையும் ஒரே பாட்டிலில் கலக்கக்கூடாது, இரண்டும் சேர்ந்து வீழ்படிவாகிவிடும். வெளிச்சம் பட்டாலும் கீலேட் உடையும், பழைய இருமல் மருந்து பாட்டில் மாதிரி பழுப்புப் பாட்டில் இருந்தால் அதில் ஊற்றி வையுங்கள். மாங்கனீஸ், போரான், துத்தநாகம் மாதிரி நுண்சத்துகளுக்கு மட்டும் நான் இன்னும் மீன் கடைப் பாட்டில்தான் வாங்குகிறேன். விவசாயத்துக்கு விற்கிற நுண்சத்துக் கலவையில் தாமிரம் எவ்வளவு என்று பார்க்காமல் போட்டால் இறால் வைத்திருக்கிறவர்கள் அழ வேண்டிவரும்.

வேர் மாத்திரை. அமேசான் ஸ்வோர்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா, நம் குளத்துக் கொட்டிக்கிழங்கு இவற்றுக்கெல்லாம் தண்ணீரில் உரம் ஊற்றுவதைவிட வேரடியில் வைப்பது பத்து மடங்கு தெரியும். செடியிலிருந்து நாலு விரல் தள்ளி, மணலுக்குள் இரண்டு அங்குலம் ஆழத்தில் நீளமான இடுக்கியால் அழுத்திவிட்டு மேலே மணலை மூட வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுசு. மேலோட்டமாக வைத்தால் வெளியே வந்துவிடும், அதில் அம்மோனியம் இருந்தால் திரும்பவும் மேலே சொன்ன கதைதான். அடிக்கடி செடியைப் பிடுங்கி இடம் மாற்றுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு மாத்திரை ஒத்துவராது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மட்டும் வைத்திருக்கிறவர்கள் மாத்திரை வாங்கவே வேண்டாம், அவை கட்டையில் ஒட்டி வளர்கிறவை, தண்ணீரிலிருந்துதான் சாப்பிடும், தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும்.

மாத்திரைக்கு ஒரு உள்ளூர் மாற்று இருக்கிறது, ஆரோவில் மேட்டுப் பக்கத்துச் செம்மண். அந்தச் சிவப்பே இரும்புதான். சலித்து, களிமண் பதத்தில் பிசைந்து, கோலிகுண்டு அளவு உருட்டி, நாலு நாள் நிழலில் காயவைத்து வேரடியில் புதைக்கிறேன். மணலுக்குள் ஆழத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் அந்தத் துரு இரும்பு செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மெதுவாக மாறும். என் ஸ்வோர்டில் புது இலை வெளிறியிருந்தது நாலாவது வாரத்தில் நல்ல பச்சைக்கு வந்தது. ஆனால் செம்மண்ணில் நைட்ரஜனோ பொட்டாசியமோ சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை, இரும்புக்கு மட்டும்தான் அது. ரோட்டோரத்திலும் பூச்சிமருந்து அடிக்கிற தோப்பிலும் எடுக்காதீர்கள். கடற்கரை மணலைத் தொட்டியில் போடாதீர்கள், உப்பும் கிளிஞ்சலும் கலந்தது.

இறக்குமதி அக்வா சாயில், அதாவது செடித் தொட்டிக்கென்றே செய்து விற்கிற மண், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழகானது, விலை அதிகம், முதல் சில வாரம் அம்மோனியா விடும், மீனை உடனே விட முடியாது. தண்ணீரின் காரத்தை உறிஞ்சிக் குறைக்கிற குணம் அதற்கு உண்டு, அதற்காகத்தான் அந்த விலை, ஆனால் கடினமான போர் தண்ணீரை வாரா வாரம் ஊற்றினால் அந்தக் குணம் சீக்கிரம் தீர்ந்துவிடும். போர் தண்ணீர்க்காரர்கள் அந்தப் பணத்தில் நல்ல விளக்கு வாங்கலாம்.

கடைசியாக ஆர்ஓ. கடலோரத்தில் உப்புத் தண்ணீர் வருகிறவர்களுக்கும், நுட்பமான செடி வளர்க்கிறவர்களுக்கும் ஆர்ஓ தவிர வழியில்லை, அது நியாயம். ஆனால் ஆர்ஓ வெறும் தண்ணீர், தாது முழுவதையும் நாம்தான் திருப்பிப் போட வேண்டும். கடையில் இதற்கென்றே பொடி கிடைக்கிறது. சீக்கெம் ஈக்விலிப்ரியம் என்பதில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் மூன்றும் சல்பேட்டாக இருக்கும், பொட்டாசியம் அதிகம், அதனால் அதைப் போடுகிறவர்கள் 0:0:50 தனியாகப் போட வேண்டாம். நாமே செய்வதென்றால் 100 லிட்டருக்குச் சுத்தமான ஜிப்சம் 8.6 கிராம், எப்சம் உப்பு 5 கிராம், கடினத்தன்மை 4 டிகிரி வந்துவிடும். பிஹெச் சட்டென்று விழாமல் இருக்கச் சமையல் சோடா 3 கிராம் போட்டால் காரம் ஒரு டிகிரி ஏறும். வயலுக்கு விற்கிற ஜிப்சம் வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணவாய் ஓட்டை ஒரு துண்டு போட்டு வைக்கச் சொல்வார்கள், சித்த மருந்துக் கடையில் கடல்நுரை என்று கொடுப்பது. ஆர்ஓ தண்ணீரில் அது மெல்லக் கரைந்து கால்சியம் கொடுக்கும், நத்தைக்கு நல்லது, ஆனால் மெக்னீசியம் வராது. போர் தண்ணீரில் அது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், கரையவே கரையாது.

இதையெல்லாம்விட எளிய வழி கலப்பது. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது அதுதான். அவன் வீட்டுப் போர் தண்ணீர் கரிக்கவில்லை, கெட்டிலில் வெள்ளை படிகிறது என்றான். கிட் வாங்கிப் பார்க்கச் சொன்னேன், 14 சொட்டு. ஒரு வாளி போருக்கு இரண்டு வாளி கேன் தண்ணீர் என்று கலந்தால் 5 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும், செடிக்கும் டெட்ராவுக்கும் அது போதும், கேன் செலவிலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஒரே நாளில் மொத்தமும் மாற்றாமல் மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினான். பாட்டில் நாலையும் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவன், நுனி நேரான பிறகு இரும்பு உள்ள ஒரு நுண்சத்துப் பாட்டில் மட்டும் வாங்கினான். பொட்டாசியத்துக்கு என் 0:0:50 பாக்கெட்டிலிருந்து 50 கிராம் கொடுத்தேன். அவன் தொட்டிக்கு அது இரண்டு வருஷம் வரும்.

கொடுக்கும்போது டப்பாவின் மேல் பெயரும் தேதியும் "குடிக்கக் கூடாது" என்றும் மார்க்கரால் எழுதித்தான் கொடுத்தேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வெள்ளைப் பொடி எல்லாம் பார்க்க உப்பும் சர்க்கரையும் மாதிரியே இருக்கும், பொட்டாசியம் நைட்ரேட் தீயோடு சேர்ந்தால் கொழுந்துவிட்டு எரிய வைக்கும். சமையலறை அலமாரி இதற்கு இடமில்லை, என் வீட்டில் அது பரண் மேல் இருக்கிறது.